ஏழு பள்ளிக்குப் பங்கு வைத்த வாத்தியார்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த நாட்டு மந்திரிகளுக்குக் கோபம் வந்துவிடும்.

அதன் அரசன் கீர்த்திமாறனுக்கு ஒருநாள் பல் துலக்கும்போது ஓர் ஆசை முளைத்தது. அரண்மனைக் குளத்தில் மிதக்கும் மாளிகை ஒன்று வேண்டும்!

செலவுக்கு வழி கேட்டபோது பொக்கிஷ மந்திரி தனபாலர் முந்திக்கொண்டு எழுந்தார்.

“மன்னா, நம் நாட்டில் ஏழு பள்ளிகள், ஏழு வாத்தியார்கள். எல்லாரும் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம். ஒரே பாடத்துக்கு ஏழு பேர் எதற்கு? ஆறு பேரை அனுப்பிவிட்டால் அவர்களுடைய சம்பள நெல் மிச்சம்.”

“அருமை!” என்றான் அரசன்.

அவையின் ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விகடகவி கூத்தரசன்தான். அரசன் தன் பேச்சைவிட இவன் பேச்சைக் கேட்டே அதிகம் மகிழ்கிறான் என்று தனபாலருக்கு நெடுநாள் எரிச்சல். இதுதான் சமயம் என்று நினைத்தார்.

“கூத்தரசன் பெரிய புத்திசாலியாயிற்றே, மன்னா. ஒரு வாத்தியாரை வைத்து ஏழு பள்ளிகளையும் அவரே நடத்திக் காட்டட்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் ஆறு பள்ளிகளையும் பூட்டிவிடலாம். அவரும் நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசன் அப்படியே ஆணையிட்டான். “எந்தப் பள்ளியிலும் வாத்தியார் இல்லை என்ற பேச்சே என் காதில் விழக்கூடாது!”

“உத்தரவு மன்னா,” என்றான் கூத்தரசன்.

மிஞ்சிய ஒரே வாத்தியார் சிவக்கொழுந்து. ஏழு ஊருக்கும் ஓடி ஓடி இரண்டே நாளில் அவருக்குக் கால் வீங்கிவிட்டது. “நீங்க இனிமே ஓட வேண்டாம் வாத்தியாரய்யா. உங்க தலைப்பாகையைக் கழற்றிக் கொடுங்க,” என்றான் கூத்தரசன்.

பௌர்ணமியன்று அரசன் தன் ஏழு மந்திரிகளோடும் கூத்தரசனோடும் பார்வையிடப் புறப்பட்டான்.

முதல் பள்ளியில் நாற்காலியின் மேல் ஒரு தலைப்பாகை இருந்தது. பிள்ளைகள் எழுந்து அதற்கு வணக்கம் சொன்னார்கள்.

“வாத்தியார் எங்கே?”

“இதுதான் இந்தப் பள்ளியின் பங்கு மன்னா. ஒருவரை ஏழாகப் பிரித்தால் இவ்வளவுதான் வருகிறது.”

இரண்டாவது பள்ளியில் பிரம்பு மட்டும் இருந்தது. அதைப் பார்த்தே அறுபது பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். “ஒழுக்கம் பிரமாதம்!” என்றார் தனபாலர். அடுத்த பள்ளியில் குடை, அதற்கடுத்ததில் மூக்குப்பொடி டப்பி. பொடிப் பள்ளியில் பாடமே நடக்கவில்லை, ஒரே தும்மல்.

ஐந்தாவது பள்ளிக்கு வாத்தியாரின் மிதியடி வந்திருந்தது. அங்கே செங்கமலம் என்ற ஒன்பது வயதுப் பெண் அந்தப் பெரிய மிதியடிக்குள் பாதத்தை நுழைத்து நின்று, மற்றப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அரசனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நன்றாகச் சொல்லித்தருகிறாயே, அம்மா!”

“எனக்கு நாலாம் வாய்ப்பாடு வரைக்குந்தான் தெரியும், ராசாவே. பத்து நாளா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கோம்,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “செருப்பு வந்துருச்சு. கால் எப்ப வரும்?”

மீதிப் பள்ளிகளைப் பார்க்க அரசனுக்கு மனம் வரவில்லை.

“கூத்தரசா, பள்ளிகளைப் பூட்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முழு ஆள் வேண்டும்.”

“நெல் இல்லையே மன்னா!” என்று பதறினார் தனபாலர். “மிதக்கும் மாளிகைக்கு மரம் வாங்கியாயிற்று!”

“மன்னர் நெல்லா கேட்டார்? ஆள்தானே கேட்கிறார்,” என்றான் கூத்தரசன். “ஏழு பள்ளிக்கு ஒரு வாத்தியார் போதும் என்றால் ஏழு மந்திரி வேலைக்கும் ஒரு மந்திரி போதும். தலைமை அமைச்சர் இருக்கட்டும். மற்ற ஆறு பேரும் படித்தவர்கள். சம்பளம் ஏற்கெனவே போகிறது. நாளைக் காலையிலேயே வகுப்பு எடுக்கலாம்.”

அரசன் மீசையை முறுக்கினான். “அப்படியே ஆகட்டும்.”

தனபாலர் பிரம்புப் பள்ளிக்குப் போனார். மற்ற ஐவரும் ஆளுக்கொரு பள்ளிக்குப் போனார்கள். மிஞ்சிய ஒன்று சிவக்கொழுந்துக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம். அவைக்குள் ஆறு பேர் ஓடிவந்தார்கள். தனபாலரின் பட்டு அங்கவஸ்திரம் முழுக்க மை. குரல் கட்டிப்போயிருந்தது.

“மன்னா, அறுபது பேர்! ஒருவன் தண்ணீர் என்கிறான். அவனுக்குக் கொடுப்பதற்குள் இன்னொருவன் அடுத்தவன் காதைக் கடித்துவிட்டான். கடிபட்டவனைத் தேற்றினால், ‘ஐயா, பூச்சியத்தால வகுத்தா என்ன வரும்?’ என்று மூன்றாமவன் கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்? அந்தப் பழைய வாத்தியார்களை இன்றைக்கே கூப்பிடுங்கள்!”

“நெல் இல்லை என்றீரே?”

“என் பல்லக்குக்காரர்கள் எட்டுப் பேரில் நாலு பேர் போதும், மன்னா, மற்ற நாலு பேர் சம்பள நெல் மிச்சம். இவர்களும் அவரவர் பல்லக்குக்காரர்களில் பாதிப் பேரைக் குறைப்பார்கள். அந்த மரத்தையும் விற்றுவிடுவோம்! எங்கிருந்தாவது வரும்! முதலில் ஆளை அனுப்புங்கள்!”

அரசன் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தான். சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. வாத்தியார்களை அழைத்துவர அந்த நொடியே ஆறு குதிரைகள் புறப்பட்டன. பிறகு அரசன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தரசன் கழுத்தில் போட்டான்.

“வேறு என்ன வேண்டும், கேள்.”

“வாத்தியார்கள் வந்துசேர நாளை மாலை ஆகும் மன்னா,” என்றான் கூத்தரசன் பணிவாக. “காலையில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதுவரைக்கும் இவர்கள் ஆறு பேரும்…”

அவன் முடிப்பதற்குள் அவையில் ஒரு மந்திரியும் இல்லை.