எட்டு மாதம் கரையில் கிடந்த படகு

ஒரு ஊரில் ஒரு பாய்மரப் படகு இருந்தது. இருந்தது என்றால், எட்டு மாதமாகக் கரையிலேயே இருந்தது.

அதற்கு முன் அது கடலடிப் பாறை ஒன்றில் மோதி, ஒரு பலகை உடைந்து, முழுகிப்போனது. சொந்தக்காரர் இன்னாசி ஊர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய், கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். உடைந்த பலகையை மாற்ற நாலே நாள்தான் பிடித்தது. அதன்பிறகு படகும் பயந்தது, இன்னாசியும் பயந்தார். யாருடைய பயம் பெரியது என்று சொல்வது கஷ்டம்.

"முன்பக்கம் பலகைக்கு நடுவுல ஒரு இடுக்கு தெரியுது. அத அடைச்சதும் போயிரலாம்" என்று படகு தனக்குள் சொல்லிக்கொள்ளும். இன்னாசி கண்ணிலும் அதே இடுக்குதான் படும். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து, உளியால் தட்டித் தட்டி அடைப்பார். ஒரு வாரம் போனால் பக்கத்தில் இன்னொன்று வாய் திறந்திருக்கும்.

பஞ்சுத் திரிக்கு அலுத்துவிட்டது. "அடைக்க அடைக்க அகலமாகுது. இந்த வெயில்ல கெடந்து காயிறியே, உனக்கே தெரியலையா?"

"காஞ்சா நல்லதுதானே. தண்ணி பட்டாத்தான் ஆபத்து" என்றது படகு.

ஒருநாள் இன்னாசியின் மனைவி சவரியம்மா சோறு கொண்டுவந்தாள். தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டுப் படகைச் சுற்றி வந்தாள். ஒரு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். பாதி விரல் உள்ளே போயிற்று.

"இன்னும் எத்தன நாளு இதத் தட்டிக்கிட்டே இருப்பீக?"

"இந்த ஒரு பக்கம் முடிஞ்சிரட்டும்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீக."

இன்னாசி உளியைக் கீழே வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு சவரி. அமாவாசைக்குள்ள சரியாகலன்னா பிரிச்சு வெறகாக்கிட்டு, விசைப்படகுல கூலிக்குப் போயிருவேன்."

படகு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கடலுக்குப் போனாலும் சாவு, போகாவிட்டாலும் அடுப்பு.

மறுநாள் காலையில் சவரியம்மா தன் தம்பிகள் இரண்டு பேரோடு வந்தாள். இன்னாசி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, படகை இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய், உள்ளே கல்லையும் ஏற்றினார்கள். எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டது. இன்னாசி தண்ணீர் இறைக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். சவரியம்மா அதைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"முழுகுது, சவரி."

"முழுகத்தான் போட்டது. பலக நல்லா ஊறட்டும்."

"டப்பா, நீயாவது வாயேன்" என்று படகு கெஞ்சியது.

"அவ கைய எடுத்தாத்தானே வருவேன்" என்றது டப்பா.

தண்ணீர் விளிம்பு வரை ஏறியது. அன்று இன்னாசி சாப்பிடவில்லை. கரையில் குந்தி, அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் கிடந்த படகு, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தது. ஒரு நாள் முழுக்க அதற்கு வேறு நினைப்பே வரவில்லை.

இரண்டாம் நாள் பஞ்சுத் திரி முனகியது. "கொஞ்சம் தள்ளி இரு. மூச்சு முட்டுது."

"நான் எங்க நெருக்குனேன்?"

"நீதான். உன் பலகையெல்லாம் ஊறிப் பெருத்துப்போய், ரெண்டு பக்கமும் என்னைய நசுக்குது."

படகு நம்பவில்லை. ஒவ்வொரு இடுக்காகத் தடவிப் பார்த்தது. ஒன்றுகூட அகப்படவில்லை.

மூன்றாம் நாள் கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். இன்னாசி அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. புதிதாக ஒரு சொட்டும் ஊறவில்லை.

"பாயக் கொண்டாங்கடா" என்றார் மச்சினன்களிடம்.

மூலையில் மிச்சமிருந்த தண்ணீரை டப்பா அள்ளியது. படகுக்கு அந்தத் தண்ணீர் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. "போ. இனிமே இந்தப் பக்கம் வராத. என்னையக் கெடுத்ததே நீதான்."

டப்பாவிலிருந்து கடலில் விழப்போன தண்ணீர் திரும்பிப் பார்த்தது.

"ஒரு பலக ஒடஞ்சப்ப உள்ள வந்தேன், ஒத்துக்கிறேன். மத்த இடுக்கையெல்லாம் தொறந்தது யாரு?"