தவளை மாப்பிள்ளைக்குப் பெண் பார்த்த கதை

ஒரு வருசம் மழை பொய்த்துப்போச்சு. மழை வேண்டி ஊரார் தவளைக் கல்யாணம் வைத்தார்கள்.

"மாப்பிள்ளை என் வீட்டுத் தவளைதான்" என்றார் மிராசுதார் அம்பலவாணர். வெளிதேசத்திலிருந்து வரவழைத்த தவளை. பித்தளைச் செம்பு அளவு இருக்கும்.

ஊர்த் தவளை ஒன்றைப் பெண்ணாகப் பக்கத்தில் வைத்தார்கள். லபக்! அடுத்த பெண்ணும் லபக். துணைக்கு வந்த தேரைகூட மிஞ்சவில்லை.

மிராசுதாரின் தொழுவத்து வேலைக்காரி சடைச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறியா?" என்று சீறினார் மிராசுதார். "உச்சிப்பொழுதுக்குள்ளே இவனுக்கு ஏத்த பெண்ணைக் கொண்டு வா. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு!"

"ஆகட்டும் சாமி" என்று போனவள், வாய் கட்டிய பானையோடு வந்தாள்.

"நல்ல குடும்பமா?"

"மாப்பிள்ளை வீட்டு வழக்கமேதான் சாமி. இவளும் முழுசாத்தான் விழுங்குவா."

துணியை அவிழ்த்தாள். சாரைப்பாம்பு தலையை நீட்டியது. மிராசுதார் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்.

"அடி பாவி! என் தவளையைத் தின்னுடுமே!"

"எங்க ஊர்ப் பொண்ணுகளை அது தின்னப்போ நீங்க உட்கார்ந்துதானே இருந்தீங்க சாமி?"

ஊரே சிரித்தது. மிராசுதார் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். குடிசைப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

அன்றைக்குத் தாலி கட்டியது ஒரு சொறித் தேரை. பெண் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைவிட வேறென்ன பொருத்தம் பார்க்க?