புளியம்பட்டி தாண்டியதும்

ஓடாத இன்ஜினை வைத்து முப்பது வருஷம் பிழைப்பு நடத்தியவர் நாச்சிமுத்து. அவர் பாடம் நடத்திய பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பாதியாக அறுத்து, பச்சையும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த இன்ஜின் அது. பிஸ்டன் எங்கே, வால்வு எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற மறுமாதம் அவருடைய சொந்தக் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மனுஷனுக்கு அது ரொம்பவே உறுத்திவிட்டது.

நேராகச் சத்தியமங்கலம் கோவை ரோட்டில் இருந்த மயிலாத்தாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு வயது அறுபது. மேஸ்திரி மயிலாத்தாவுக்கு முப்பத்தெட்டு.

"சொல்லிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க சார். கூட இருங்க, பாருங்க," என்றார் மயிலாத்தா.

அன்றிலிருந்து இவர் அவரை மேஸ்திரி என்பார், அவர் இவரை சார் என்பார். இதில் யார் குரு, யார் சிஷ்யர் என்று வண்டி விட வருகிறவர்களுக்குப் பிடிபடவே நாளாயிற்று.

சேர்ந்து எட்டு மாதம் ஆனபோது அர்த்தநாரியின் பிக்கப் வந்தது. பதினாறு வருஷத்து வண்டி. விடிகாலையில் பறித்த மல்லியை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குள் கோவைப் பூ மார்க்கெட் சேர வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு வாய் திறந்துவிடும், திறந்த பூவை மண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அர்த்தநாரிக்கு இருப்பது அந்த ஒரு வண்டி, அந்த ஒரு வாடகை.

"இழுவையே இல்லீங்க. குலுங்கிக் குலுங்கி நிக்கப் பாக்குது," என்றார் அர்த்தநாரி.

"மேஸ்திரி, இந்த வண்டிய நானே பாக்கறேனே," என்றார் நாச்சிமுத்து. கேட்ட குரலில் சின்னப் பையனின் ஆசை இருந்தது. மயிலாத்தா தலையை ஆட்டினார்.

நாச்சிமுத்து டேங்கைத் திறந்து குச்சி விட்டு டீசல் அளவு பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். இரண்டு கிலோமீட்டர் ஓட்டினார். வண்டி சமத்தாக ஓடியது. இருந்தாலும் டீசல் பில்டரை மாற்றி அனுப்பினார். நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. மறுபடி டேங்க், மறுபடி குச்சி, மறுபடி சமர்த்து. ஏர் பில்டரை மாற்றி, டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதே வாரம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை டீசலை இழுத்துக் கொடுக்கும் பீட் பம்ப்பையே மாற்றினார்.

அடுத்த முறை அர்த்தநாரி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் லேட்டானா வேற வண்டி பாத்துக்கறேன்னுட்டாருங்க மண்டிக்காரரு."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போனது. வெட்கத்தை விட்டு மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"மேஸ்திரி, இங்க வந்தா நல்லா இருக்குது, ரோட்டுல போனா படுத்துக்குது. இந்தப் பழுத எங்க போய்த் தேடறது?"

மயிலாத்தா பானெட்டைத் தூக்கவில்லை. அர்த்தநாரியிடம் கேட்டார்.

"எந்த எடத்துல குலுங்குதுங்க?"

"தெனமும் புளியம்பட்டி தாண்டுனதும்ங்க."

"செரி. நாளைக்குப் பூவோட நாங்களும் வர்றோம். சார், நீங்க ஒண்ணு பண்ணோணும். எதையும் தொடாம வரோணும்."

மறுநாள் காலை மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்னால் ஈரச் சாக்கில் மல்லி. சத்தியிலிருந்து புளியம்பட்டி வரை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நாச்சிமுத்து இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு வந்தார். அந்தக் கைகளை அடக்குவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

புளியம்பட்டி தாண்டியது. வண்டி ஒரு முறை இருமியது. பிறகு குலுங்கத் தொடங்கியது. அர்த்தநாரி ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. சோளக்காட்டு ஓரமாக வண்டி நின்றேவிட்டது.

நாச்சிமுத்துவின் கை கதவுக்குப் போனது.

"எங்க சார்?"

"எறங்கிப் பாக்கலாம்னு."

"என்னத்தப் பாப்பீங்க?"

"மொதல்ல டீசல்."

"நேத்துச் சாயந்தரம் ரொப்புனாரு. நீங்களும்தான் பாத்தீங்க."

"தெரியுங்க. ஆனா வண்டி வந்தா மொதல்ல டேங்க் மூடியத் தொறந்து குச்சிய விட்டுப் பாக்கறது நம்ம ஷெட்டு வழக்கமாச்சே."

"மேஸ்திரி, வெயில் வருதுங்க," என்றார் அர்த்தநாரி. திரும்பித் திரும்பிப் பூச் சாக்குகளையே பார்த்தார்.

மயிலாத்தா அசையவில்லை. நாச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று அவருக்கும் அப்போதுதான் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"மூணு தடவையும் தொறந்து பாத்த பொறவுதான் ஸ்டார்ட் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க."

"மூணு தடவையும் நல்லா ஓடுச்சு."

"ஆமாங்க."

"அர்த்தநாரி, இப்ப ஒருக்கா சும்மா ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் பிடித்தது, இரண்டு இருமல் இருமியது, அணைந்தது.

"சார், எறங்கி மூடியத் தொறங்க. குச்சி வேண்டாம். தொறந்தாப் போதும்."

நாச்சிமுத்து இறங்கினார். டேங்க் மூடி இறுகிப்போய்த் திருகவே வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். அது விட்ட நொடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கியிருந்தவன் மேலே வந்து இழுக்கிற மூச்சு போல இருந்தது அது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி பிடித்தது. அர்த்தநாரி மிதிக்க மிதிக்க ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை.

நாச்சிமுத்து மூடியைத் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் இரண்டு அடுக்காக இருந்தது. காற்றுப் போக மூடியில் இருக்க வேண்டிய பொடி ஓட்டையில் கெட்டியாகப் பிசின் வைத்து அடைத்திருந்தது.

"இது யார் வேலைங்க?"

"நான்தானுங்க," என்றார் அர்த்தநாரி, கொஞ்சம் பெருமையாகவே. "பூவுல டீசல் வாசம் அடிக்குதுன்னு மண்டிக்காரரு சத்தம் போட்டாரு. அதான் ஒரு பொட்டு வாசம் வெளிய வராம அடச்சுட்டேன்."

"எப்பத்திருந்து?" மயிலாத்தா கேட்டார்.

"சித்திரை நோம்பி முடிஞ்சதும்ங்க."

"குலுங்கறது எப்பத்திருந்து?"

அர்த்தநாரி விரல் விட்டு நாள் எண்ணி, அந்த நோம்பியிலேயே வந்து நின்றார்.

வெளிக்காற்று உள்ளே போகாவிட்டால் டேங்கிலிருந்து டீசல் வெளியே வராது. பம்ப் இழுக்கும், டேங்க் விடாது. நாச்சிமுத்துவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடத்தில் இதற்கு ஒரு படமே உண்டு. முப்பது வருஷமும் கரும்பலகையில் அந்தப் படத்தைப் போட்டவர் அவர்தான்.

மயிலாத்தா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். நாச்சிமுத்து பிசினைக் கிண்டி எடுத்தார். பூச் சாக்குகளை டேங்க் இல்லாத பக்கமாகத் தள்ளி, நடுவில் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அர்த்தநாரி எங்கேயும் நிறுத்தவில்லை. அன்னூரை எப்போது தாண்டினார்கள் என்றே தெரியவில்லை.

மண்டிக்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒரு மொட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். பிறகு தராசுப் பக்கம் கையைக் காட்டினார். அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அதையும் துடைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. சாக்கெல்லாம் இறங்கிய வண்டியின் பின்பக்கம் மயிலாத்தா உட்கார்ந்திருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மேஸ்திரி, மூணு தடவையும் அந்தக் காத்துச் சத்தம் வந்திருக்குமில்லீங்க?"

"வந்துதான் இருக்கும்."

"எங் காதுல விழுகவே இல்ல. குச்சியில டீசல் எந்த மட்டும் ஏறியிருக்குதுன்னே பாத்துட்டு இருந்திருக்கேன். மூடியத் தொறக்காம ஓட்டியிருந்தா பழுது கண்ணுல பட்டிருக்கும். இந்தக் கைதான் அவசரப்பட்டுத் தொறந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு. இத என்னங்க பண்ணறது?"

மயிலாத்தா அவருடைய கைகளைப் பார்த்தார். ஊக்கு கீறிய இடத்தில் பிசின் ஒட்டியிருந்தது.

"கை மேல பழி போடாதீங்க சார். மூணு தடவையும் வண்டியச் செரி பண்ணுனது அதுதான். நீங்கதான் அப்ப கூட இல்ல."