ஏறி வந்தவங்க எறங்க மாட்டேங்கறாங்க

கருங்கோட்டை ராஜாவுக்குத் திடீர்னு ஒரு நல்ல யோசனை வந்துச்சு. புருசன இழந்த பொம்பளைங்க, கை கால் வெளங்காதவங்க, இவங்க பிள்ளைங்களுக்கு மாசாமாசம் அரண்மனைப் பணம்னு தண்டோரா போட்டுட்டாரு. பொக்கிஷக்காரர் அம்பலவாணருக்குக் குடுக்க மனசே இல்ல. என்னமோ அவரு பாட்டன் சேத்து வச்ச காசு மாதிரி.

புருசன இழந்தவங்களுக்கு முனகிக்கிட்டே குடுத்துட்டாரு. கால் வெளங்காதவங்களுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டாரு. மலை உச்சியில இருக்கற பொக்கிஷத்துக்கு நேர்ல வரணும். வரலைன்னா, ஆள் வரலைன்னு தள்ளுபடி. வந்துட்டா, மலையேறத் தெம்பிருக்குன்னு தள்ளுபடி.

பனையில இருந்து விழுந்து காலு ரெண்டும் போன ஒச்சப்பனுக்கு, பொண்டாட்டியும் இல்ல. பணம் வரலைன்னா, வாங்குன கடனுக்கு விடிஞ்சதும் ரெண்டு பிள்ளைங்களும் பண்ணையார் வீட்டுக்கு அடிமையா போகணும். அரண்மனையில வாயாலயே பொழைக்கற நல்லக்குட்டிகிட்ட சொல்லி அழுதான்.

"அழுதது போதும். முதுகுல ஏறு"ன்னான் நல்லக்குட்டி.

ஊர்ல நடக்க முடியாத அத்தன பேரையும் அவன் கூட்டாளிக ஆளுக்கொருத்தரா தூக்கிக்கிட்டாங்க. பின்னாலயே பிள்ளைங்க பட்டாளம். மேல போனதும் அம்பலவாணர் அசரவே இல்ல. எப்படியோ ஏறியாச்சுல்ல, எல்லாம் தள்ளுபடின்னுட்டாரு.

நல்லக்குட்டி பணிவா கும்புட்டான். "சரிங்கய்யா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அவங்களே நடந்து வரட்டும், நாங்க முன்னால போறோம்."

போயே போயிட்டாங்க.

அப்பறம் ஆரம்பிச்சது கூத்து. பொன் நிறுக்கற தராசுல ரெண்டு வாண்டுக ஊஞ்சல் ஆடுச்சு. ஒண்ணு அம்பலவாணர் தலப்பாகைய அவுத்து வாலு கட்டிக்கிச்சு. ஒச்சப்பன் அவரு பட்டுத் திண்டுல சாஞ்சு கொறட்டை விட்டான். எந்திரிச்சுப் போடான்னு அம்பலவாணர் கத்துனாரு.

ஒச்சப்பன் ஒரு கண்ணத் தொறந்தான். "எனக்குத்தான் தெம்பிருக்குன்னு சொல்லிட்டீங்களே சாமி. தோணும்போது நடக்கறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன கொழம்பு?"

காவக்காரங்களக் கூப்புட்டாரு. ராஜா உத்தரவில்லாம சனத்து மேல கை வைக்க மாட்டோம்னு அவங்க மொகத்தத் திருப்பிக்கிட்டு சிரிச்சாங்க. மனுசன் வெறுந்தலையோட மலையெறங்கி அரண்மனைக்கு ஓடுனாரு. அங்க ராஜா பக்கத்துல நல்லக்குட்டி வெத்தல மடிச்சுக்கிட்டு நின்னான்.

பல்லக்கு வேணும், ஒடனே வேணும்னாரு அம்பலவாணர், மூச்சு வாங்க.

எதுக்குன்னு கேட்டாரு ராஜா.

"மேல இருக்கறவங்கள எறக்கணும் மகாராஜா. ஒருத்தராலயும் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

நல்லக்குட்டி வெத்தலய வாயில போட்டுக்கிட்டான். "மகாராஜா, மலையேறத் தெம்பிருக்குன்னு எல்லாரையும் தள்ளுபடி பண்ணுன இவரு வாயால இதக் கேக்கத்தான் அவ்வளவு பேரும் மலையேறுனாங்க."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் மூக்கு வரைக்கும் எறங்கிருச்சு. பணம் அன்னைக்கே பட்டுவாடா ஆச்சு. இனிமே மாசாமாசம் அம்பலவாணரே மலையெறங்கி வீடு வீடா குடுக்கணும்னு உத்தரவு. ஒச்சப்பன் பிள்ளைங்க பண்ணைப் பக்கமே போகல.

ஒனக்கு என்னடா வேணும்னு ராஜா கேட்டாரு.

"ஒரு செம்பு நல்லெண்ணெய் போதும் மகாராஜா. ஒச்சப்பன் கனத்துல இடுப்பு கழண்டிருச்சு. பொற்காசுன்னா இவரு பொக்கிஷத்துக்கு நேர்ல ஏறி வரச் சொல்லுவாரு."