புழு சொன்ன சாட்சி

கரட்டுப்பாளையத்தில் அறுத்த ஆடுகளின் ஈரலெல்லாம் நீர்க்கட்டி. ஏதோ ஒரு நாயின் வயிற்று நாடாப்புழு போட்ட முட்டை, நாயின் கழிவிலிருந்து புல்லோடு ஆட்டுக்குள் போய்க் கட்டியாகிறது என்றார் மாட்டு டாக்டர். அவ்வளவுதான், ஊராட்சித் தலைவர் தெய்வசிகாமணி ஆடு மேய்க்கும் சீரங்காயியைக் கூப்பிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“உன் பட்டி நாய்தான் காரணம். இல்லேன்னா எந்த நாய்னு அந்தப் புழுவையே சொல்ல வை பார்க்கலாம். அந்த நாயை வளர்த்தவன் ஊரைவிட்டே போகணும்!”

“சொல்ல வெச்சரலாமுங்க. மரபணுவைப் பார்த்தா கட்டியில இருக்கறது எந்தப் புழுவோட குஞ்சுன்னு தெரியுமாமுங்க. ஊர் நாய் அத்தனையோட கழிவையும் டாக்டரு அனுப்பறாருங்க. ஒத்துப் பார்க்க நோயில்லாத நாய் ஒண்ணு வேணுமே! அது உங்க ஊட்டுல மட்டுந்தானுங்க இருக்குது.”

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. “பின்னே? கறிக்கடையிலிருந்து நேரா வர்ற பச்சை ஈரல்தான் அது தின்னும். காலையில மேய்ச்சல்காட்டுலதான் ஒதுங்கும்” என்றவர், அதன் கழிவைத் தன் கையாலேயே டப்பாவில் அள்ளிக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. சீரங்காயியின் நாய் உட்பட, களி தின்னும் மற்ற நாய்கள் எதிலும் புழு இல்லை. தலைவர் நாயில் இருந்தது. ஆட்டுக் கட்டியின் மரபணுவும் அதுவும் ஒன்று.

“கட்டியுள்ள ஈரலைப் பச்சையாத் தின்ற நாய்க்குத்தான் இது வரும்” என்றார் டாக்டர்.

தலைவர் தலை குனிந்தார்.

“நாய்க்கு மருந்து இருக்குதாமுங்க, அது இங்கயே இருக்கட்டும்” என்றாள் சீரங்காயி. “நீங்க எப்பங்க கிளம்பறீங்க?”