கொக்கின் கழுத்தளவு

எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று எனக்கே குழப்பம். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் தொடங்குகிறேன்.

கோடையில் காட்டுக் குளம் ஒன்று சுருங்கியது. அதன் ஒரு மூலையில் தவளையின் தலைப்பிரட்டைகள் நெருக்கியடித்து நீந்தின. கொக்கு அங்கேயே வந்து நின்றது.

"என் பிள்ளைகளைத் தின்னாதே, கொக்கண்ணா!" என்று தவளை அழுதது.

நண்டும் ஆமையும் நியாயம் பேச வந்தன. தலைப்பிரட்டைகளை விட்டு ஓர் அளவு தள்ளி நின்றுதான் கொக்கு இரை தேட வேண்டும் என்று முடிவாயிற்று. எந்த அளவு?

"என் கழுத்தளவு!" என்றது கொக்கு. "எப்போதும் என்னோடே இருக்கும். தொலையவே தொலையாது!"

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு அளந்தது. நண்டு மணலில் கோடு கிழித்தது.

மறுநாள் பிள்ளைகளில் பாதியைக் காணோம்.

"கோட்டைத் தாண்டினாயா?" என்று தவளை கத்தியது.

"தாண்டவே இல்லை! வேண்டுமானால் அளந்து பார்!" கொக்கு மறுபடி கழுத்தை மடக்கியது. அளவு சரியாக இருந்தது.

"அளவும் சரி, பிள்ளைகளும் இல்லை! எனக்குத் தலை சுற்றுகிறதே!"

"மடக்கினால் ஒரு கழுத்து, நீட்டினால் இன்னொரு கழுத்து, அக்கா!" என்றது நண்டு.

ஆமை கொக்கை நிமிர்ந்து நிற்கச் சொன்னது. நீட்டிய கழுத்தின் நீளத்துக்கு ஒரு கோரைப்புல்லை நறுக்கியது. "இனி இதுதான் அளவு!"

வெயிலில் கோரை காய்ந்து சுருண்டது. கொக்கு அதை அப்படியே வைத்து அளந்து, நெருங்கி நின்றுகொண்டது. இன்னும் சில பிள்ளைகள் போயின.

"நேற்று நீளமாக இருந்ததே!" என்று ஆமை விழித்தது.

"கோரைதானே அளவு என்றீர், ஆமையாரே? சுருண்டாலும் இது அதே கோரைதான்!"

"நீங்களும் உங்கள் நியாயமும்!" என்று தவளை கரைக்குத் தாவியது. அங்கே பாறையில் இரண்டு குழிகள் இருந்தன. "இந்தப் பாறை மடங்காது, சுருளாது. எந்தக் கோரையானாலும் இந்த இரண்டு குழிக்கும் நடுவே சரியாக எட்டுகிறதா என்று கொக்கு முதலில் வைத்துக் காட்டட்டும்!"

"எங்கே, கழுத்தை நீட்டு பார்ப்போம்!" என்று கொக்கைச் சீண்டியது நண்டு.

கொக்கு ஒரு குழியருகே நின்று எட்டிப் பார்த்தது. அலகு அடுத்த குழியைத் தொடவில்லை. நண்டு சிரித்துப் புரண்டது.

பாறையில் சரிபார்த்த கோரையால் புதுக் கோடு போட்டார்கள். அப்படியும் தவளைக்கு மனம் ஆறவில்லை. கோட்டை இன்னும் ஒரு கோரையளவு தள்ளிப் போடவைத்த பிறகுதான் பிள்ளைகளிடம் போனது.

ஆளுக்கும் வேளைக்கும் தக்கபடி மாறாத பொருள்தான் எல்லோருக்கும் பொதுவான அளவாக முடியும்.