எயினசேனர் சோதித்த பெட்டி

முன்னொரு காலத்தில் கார்மலை நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டு வந்தார். வீரத்தில் குறையில்லை, கொடையில் குறையில்லை. யாரையும் நம்பமாட்டார், அது ஒன்றுதான் தொல்லை. காற்றில் கதவு ஆடினால்கூட, "ஆட்டிவிட்டது யார்?" என்று விசாரணை வைப்பார்.

ஒரு அடைமழைக் காலத்தில் எல்லைக் காவல் வீரர்கள் சிலர் சபைக்கு வந்தார்கள். எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள்.

"மகாராஜா, மலை உச்சியில் எங்களுக்குக் கூரை கிடையாது. அரண்மனை அரிசியெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அதைத் தின்று பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். இப்போது எதிரி வந்தால் வேல் தூக்க ஆளில்லை" என்றார்கள்.

களஞ்சியத் தலைவர் எயினசேனர் முந்திக்கொண்டார். "மழையின் வேலை, மகாராஜா! நான் முத்து முத்தாகத்தான் அனுப்புகிறேன். வெட்டவெளியில் நனைந்தால் நான் என்ன செய்வேன்?"

ராஜா மந்திரி தத்தையனாரைப் பார்த்தார். "வெயில், மழை, கரடி, கறையான், எதற்கும் அசையாத பெட்டி ஒன்று செய்து காட்டும். தேறினால் எல்லை முழுக்க அதுபோலவே செய்து வைப்போம்."

எயினசேனர் முகம் கறுத்தது. மந்திரி அதைக் கவனித்துக்கொண்டார்.

முதலில் தேக்கில் செய்தார்கள். வெயிலில் பலகை வளைந்து மழை உள்ளே புகுந்தது. அடுத்து இரும்பில் செய்தார்கள். அதைத் தூக்கவே ஆட்கள் திணறினார்கள். வெயில் ஏறியதும் உள்ளே இருந்த வெல்லம் பாகாகிவிட்டது. "ராஜாவுக்குப் பாயசம் வைக்க நல்ல பாத்திரம்!" என்று எயினசேனர் சொல்ல, சபையே சிரித்தது.

மந்திரி ஆற்றங்கரைக்குப் போய், ஓடம் கட்டும் தச்சர் பரவையனைக் கூட்டிவந்தார். இருவரும் கூடிப் பேசி மூன்றாவது பெட்டியைச் செய்தார்கள். வேங்கைப் பலகை. இடுக்குகளில் ஓடத்துக்குத் திணிப்பதுபோலத் தேங்காய் நார் திணித்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். மூலைகளில் பித்தளைக் கவசம். மூடிக்கு அடியில் மெழுகில் ஊறிய தோல். கறையான் ஏறாதபடி கல் கால்கள்.

ராஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இவ்வளவு பெரிய பெட்டியா? ஆள் ஒளிந்து கோட்டைக்குள் வரலாம்போல் இருக்கிறதே! சரி, சோதிப்பது யார்?"

"நானே சோதிக்கிறேன், மகாராஜா" என்றார் மந்திரி.

"உம்முடைய பெட்டியை நீரே சோதிப்பதா? மெதுவாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் தேறியது என்பீர்."

மந்திரி சிரித்துக்கொண்டே ராஜாவின் காதோடு சொன்னார்: "நியாயமான சந்தேகம். இது தோற்கவேண்டும் என்று தவியாய்த் தவிக்கிற ஆள்தான் சோதிக்கவேண்டும். அவரிடமே விட்டுவிடுவோம். வேட்டைக்குப் போவதாகச் சொல்லுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். நாம் கோட்டை மாடத்திலிருந்து பார்ப்போம்."

"உம்மைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன். எனக்கு உம்மேலும் நம்பிக்கையில்லை" என்றார் ராஜா.

மறுநாள் பெட்டியைப் பூட்டி முற்றத்தில் வைத்தார்கள். எயினசேனர் மந்திரியிடம் வந்து, "உள்ளே என்னவோ?" என்று கேட்டார்.

"அரிசி. எந்த மூட்டையில் எடுத்தது என்பதை ராஜாவிடம்தான் சொல்வேன்."

எயினசேனர் நேரே மைத்துனனைத் தேடி ஓடினார்.

ராஜாவின் பல்லக்கு காலியாகக் காட்டுப்பக்கம் போனது. முற்றம் ஓய்ந்ததும் எயினசேனர் தன் மைத்துனனோடும் கோடரியோடும் வந்தார். வெட்டினார்கள், கோடரிப் பிடிதான் முறிந்தது. யானையைக் கொண்டுவந்து உதைக்கச் சொன்னார்கள். பெட்டி உருண்டு போய் நிமிர்ந்து நின்றது. கோட்டைச் சுவரில் ஏற்றிப் பாறைமேல் தள்ளினார்கள். பித்தளை நசுங்கியது, பலகை பிளக்கவில்லை. கடைசியில் கல்லைக் கட்டி அகழியில் அமிழ்த்தினார்கள். "ஊறி நாசமாகட்டும்!" என்று மூச்சு வாங்கினார் எயினசேனர்.

மாடத்தில் ராஜா மந்திரியை முறைத்தார். "நீரும் எயினசேனரும் கூடிப் பேசி எனக்குக் கூத்துக் காட்டவில்லையே?"

"பெட்டியைத் திறக்கும்போது தெரியும், மகாராஜா."

சில நாள் கழித்து ராஜா 'வேட்டையிலிருந்து' திரும்பினார். அகழியிலிருந்து பெட்டியை எடுத்துச் சபையில் வைத்தார்கள். பாசி வழிந்தது.

"எயினசேனரே, இதை அகழியில் போட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஏன்?"

மனிதர் அசரவில்லை. "சோதித்தேன், மகாராஜா! நாட்டு நன்மைக்காகத்தான்!"

ராஜா தாடியைத் தடவினார். அதுவும் உண்மையாக இருக்கலாமே என்ற சந்தேகம் வந்துவிட்டது.

"மிக்க நன்றி, எயினசேனரே. நானே சோதித்திருந்தால் இவ்வளவு முரட்டுத்தனம் வந்திருக்காது" என்று மந்திரி கும்பிட்டார். "மகாராஜா, திறந்து பாருங்கள். அரிசி எப்படியிருக்கிறது, எங்கிருந்து வந்தது, எல்லாம் பேசுவோம்."

சாவி திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் எயினசேனர் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார்.

"திறக்கவேண்டாம், மகாராஜா! புது அரிசியை வெளியூர் வியாபாரிக்கு விற்றுவிட்டுப் பழைய புழுத்த அரிசியை எல்லைக்கு அனுப்பினேன். மைத்துனன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்! மழைமேல் பழி போட்டேன்!"

ராஜா மூடியைத் தூக்கினார். உள்ளே நிறைய வெள்ளை வெளேரென்று பொரி! ஒரு பிடி வாயில் போட்டார். மொறுமொறுவென்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஒரு துளி ஈரம் பட்டிருந்தாலும் பொரி நமத்துப் போயிருக்குமே!

எயினசேனர் நிமிர்ந்து பார்த்தார். "அரிசி என்றீரே!"

"பொரிப்பதற்கு முன் அரிசிதானே, எயினசேனரே?" என்றார் மந்திரி.

ராஜா அடக்கமுடியாமல் சிரித்தார். பிறகு முகம் இறுகியது. "என் வீரர்களைச் சாகக் கிடத்தியவன் நீ. எல்லாரையும் சந்தேகப்பட்டேன், களஞ்சியத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அது என் வெட்கம்."

தத்தையனாருக்கும் பரவையனுக்கும் ஆளுக்கொரு ஆற்றங்கரைத் தோப்பும் பட்டும் கிடைத்தன. ஓடத்துறையில் பெட்டி செய்யும் பட்டறை எழும்பியது. களஞ்சியம் மந்திரியின் கைக்கு வந்தது. முதல் பெட்டி நிறையப் புது அரிசியோடு மலை ஏறியபோது, அதற்குக் காவலாக எயினசேனரும் அவர் மைத்துனனும் போனார்கள்.

அந்த வருஷம் மலையில் மழை விடாமல் பெய்தது. வீரர்கள் சூடாகச் சோறு தின்றார்கள். பெட்டிக்குள் ஒரு மணிகூட நனையவில்லை. வெளியே நின்ற இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்.